துவரம்பருப்புக்கு நாலு விலை

தாண்டிக்குடியில் ஒரு கிலோ துவரம்பருப்புக்கு நாலு விலை இருக்கிறது. ரேஷன் கடையில் 30 ரூபாய். கீழே வத்தலக்குண்டு மொத்தக்கடையில் மூட்டையாக எடுத்தால் ஒரு விலை. ஊருக்குள் பலசரக்குக் கடையில் ரொக்கம் கொடுத்து கிலோவாக வாங்கினால் அதைவிடக் கொஞ்சம் கூட. அதே கடையில் நூறு நூறு கிராமாக, நோட்டில் எழுதி வாங்கினால் இன்னும் கொஞ்சம் கூட. பருப்பு என்னவோ ஒரே பருப்புதான்.

ரேஷன் விலை கார்டுக்கு மாதம் ஒரு கிலோவோடு முடிந்துவிடும். அதற்கப்புறம் யாருக்கு எந்த விலை என்று பாருங்கள். எஸ்டேட்காரர் வீட்டு ஜீப் எப்படியும் காபி மூட்டையோடு கீழே இறங்கப்போகிறது. திரும்பி வரும்போது பருப்பு மூட்டையும் ஏறிவிடும். அவருக்கு மொத்த விலை. மாதச் சம்பளம் வாங்குகிற வாத்தியார் வீட்டுக்கு ரொக்க விலை. சனிக்கிழமை கூலி வாங்கி, அன்றைக்கே அதில் பாதியைக் கடையில் கட்டிவிட்டு வருகிற வீட்டுக்குத்தான் அந்த நாலாவது விலை. ஊரில் எல்லாரையும்விடக் குறைவாகச் சம்பாதிக்கிறவர் எல்லாரையும்விட அதிக விலைக்குக் குழம்பு வைக்கிறார்.

இதைச் சொன்னால் "ஆமா, சின்னதா வாங்கினா கூடத்தான் இருக்கும்" என்று கடந்துவிடுவோம். நானும் ரொம்ப நாளாக இந்த விஷயத்தை 'சின்னப் பொட்டலம், பெரிய விலை' என்ற தலைப்பில்தான் என் குறிப்புகளில் போட்டு வைத்திருந்தேன். பெரியம்மா வீடு தாண்டிக்குடியில் இருப்பதால் வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை போய்வருவது வழக்கம். போகும்போதெல்லாம் கடையில், பஸ் ஸ்டாண்டில், காபிக் களத்தில் கேட்டதை எழுதி வைப்பேன். மொத்தமாகச் சேர்த்துப் படித்துப் பார்த்ததில், பொட்டலம் இந்தக் கதையின் சின்னப் பகுதிதான் என்று தோன்றுகிறது. பெரிய பகுதி வேறு இடத்தில் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

ஊரைத் தெரியாதவர்களுக்கு: கொடைக்கானல் தாலுகா, பழனி மலையின் கீழ்ப்பகுதி. கொடைக்கானல் ஏரிக்குப் போகிற கூட்டம் இந்தப் பக்கம் அவ்வளவாக வராது. வத்தலக்குண்டிலிருந்து பட்டிவீரன்பட்டி, பெரும்பாறை வழியாக மலைப்பாதையில் ஏற வேண்டும். நிழல்மரம், அதற்குக் கீழே காபி, மரத்தின் மேல் மிளகுக்கொடி, நடுவில் வாழை, ஆரஞ்சு, இப்போது வெண்ணெய்ப்பழம் (அவகாடோ). காபி வாரியத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இங்கே இருக்கிறது. ஊரில் மூன்று வகை வருமானம் உண்டு: தோட்டம் வைத்திருப்பவருக்கு வருஷத்துக்கு ஒருமுறை, உத்தியோகத்தில் இருப்பவருக்கு மாதம் ஒருமுறை, கூலிக்காரருக்கு வாரம் ஒருமுறை, அதுவும் வேலை இருந்தால். இந்த 'எப்போது வருகிறது' என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பிரகலாத் போட்ட பட்டியல்

ஏழைகள் கூடுதல் விலை கொடுக்கிறார்கள் என்பது புதிய கண்டுபிடிப்பு இல்லை. டேவிட் கப்லோவிட்ஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1963-லேயே நியூயார்க்கின் குறைந்த வருமானக் குடும்பங்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். மேசை நாற்காலி, டிவி போன்றவற்றைத் தவணையில் வாங்கப்போய் அவர்கள் எவ்வளவு கூடுதலாகக் கட்டுகிறார்கள் என்பதுதான் விஷயம். புத்தகத்தின் தலைப்பே 'ஏழைகள் அதிகம் கொடுக்கிறார்கள்' என்பதுதான்.

நம் பக்கத்தில் இதைப் பிரபலமாக்கியவர் கோயம்புத்தூரில் பிறந்த மேலாண்மைப் பேராசிரியர் சி.கே. பிரகலாத். 2004-ல் வந்த அவருடைய புத்தகத்தில் மும்பை தாராவியையும், அதே மும்பையின் பணக்காரப் பகுதியான வார்டன் ரோட்டையும் ஒப்பிட்டு ஒரு சின்ன அட்டவணை இருக்கும். தண்ணீருக்கு தாராவிக்காரர் கொடுப்பது 37 மடங்கு. வயிற்றுப்போக்கு மருந்துக்கு 10 மடங்கு. போன் பேச 1.8 மடங்கு. அரிசிக்கு 1.2 மடங்கு. கடனுக்கான வட்டி 50 மடங்குக்கும் மேல்.

எல்லாரும் இந்த அட்டவணையிலிருந்து 37 மடங்கு தண்ணீரை எடுத்து மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது அரிசிக்கும் வட்டிக்கும் நடுவில் இருக்கிற தூரம். கடைக்குக் கடை போட்டி இருக்கிற பொருளில் ஏழை கொடுக்கும் கூடுதல் 20 சதவீதம். பணத்தையே வாங்கும்போது கூடுதல் 50 மடங்கு. ரெண்டையும் ஒரே பெயரில் கூப்பிடலாமா என்பதே சந்தேகம்.

ஷாம்பு பாக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் இதைத் தொடங்கி வைத்தவர் என்று கடலூர் சின்னிகிருஷ்ணனைச் சொல்வார்கள். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் சிக் ஷாம்புவோடு வந்து அதை ஊர் ஊராகக் கொண்டுபோனார். 'ஏழைகளைச் சின்ன பாக்கெட்டில் ஏமாற்றுகிறார்கள்' என்று எழுதுகிறவர்கள் ஒரு நாள் கடையில் நின்று மில்லியைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். நம் ஊரில் பல ஷாம்புகளில் ஒரு ரூபாய், ரெண்டு ரூபாய் பாக்கெட்டுதான் பாட்டிலைவிட மலிவு! ஒரு ரூபாய் என்ற விலையை விட்டு ஏறினால் அடுத்த கம்பெனிக்காரன் பிடித்துக்கொள்வான் என்ற பயம், பாக்கெட் விலையை அப்படியே கட்டிப்போட்டு வைத்திருக்கிறது. ஆக, சின்னதாக வாங்கினாலே நஷ்டம் என்று ஒரு விதி இல்லை. பருப்பு, எண்ணெய் போன்ற எடை போட்டு விற்கிற சாமான்களில்தான் நூறு கிராமுக்கு ரெண்டு ரூபாய் என்று கூடுகிறது. அது வலிக்கும். ஆனால் குடும்பத்தைக் கவிழ்க்காது.

இந்த இடத்தில் இணையத்தில் எல்லாரும் டெர்ரி பிராட்செட்டின் பூட்ஸ் கோட்பாட்டைச் சொல்வார்கள். 1993-ல் வந்த நாவலில் ஒரு காவலர் நினைத்துப்பார்ப்பது: பணக்காரன் நல்ல பூட்ஸை ஒருமுறை வாங்கிப் பத்து வருஷம் போடுவான், ஏழை மட்டமான பூட்ஸை வருஷாவருஷம் வாங்கி மொத்தத்தில் அதிகம் செலவழிப்பான். அழகான கோட்பாடு. ஐப்பசி மழையில் காபி பழம் எடுக்கப் போகிறவர்களின் பிளாஸ்டிக் கொங்காணியைப் பார்த்தால் பொருத்தமாகவும் இருக்கும். ஆனால் அந்த ஏழைக்கு நல்ல பூட்ஸ் வாங்கும் அளவு பணம் ஒரே நாளில் கையில் இல்லை என்பதுதானே அங்கேயும் பிரச்சனை? பூட்ஸ் வெறும் விளைவு. நாம் மூலத்துக்குப் போவோம்.

பத்து வாரம்

மலையில் கூலி வாரக்கூலி என்பதால் தண்டலும் வாரத் தண்டல். கணக்குக்காகச் சுற்று எண்களை வைத்துக்கொள்வோம். பத்தாயிரம் ரூபாய் கடன். கொடுக்கும்போதே ஆயிரம் பிடித்துக்கொண்டு ஒன்பதாயிரம் கையில் தருவார்கள். வாரம் ஆயிரம் வீதம் பத்து வாரம் கட்ட வேண்டும். வாங்குகிறவரைக் கேட்டால் "பத்தாயிரத்துக்கு ஆயிரம் வட்டி, பத்து பர்சென்ட்" என்பார். கொடுப்பவரும் அதையேதான் சொல்வார்.

எக்செல்லில் போட்டுப் பார்த்தேன். முதல் வாரமே ஆயிரம் திரும்பப் போய்விடுகிறது, அடுத்த வாரம் இன்னொரு ஆயிரம். பத்து வாரத்துக்கும் சராசரி எடுத்தால் அவர் கையில் உண்மையில் இருந்த கடன் ஐயாயிரம் சொச்சம்தான். ஐயாயிரத்துக்குப் பத்து வாரத்தில் ஆயிரம் ரூபாய் வட்டி. சரியாகக் கணக்கிட்டால் வாரத்துக்கு 1.96 சதவீதம், வருஷத்துக்கு 102 சதவீதம். 'பத்து பர்சென்ட்' என்ற சொல்லுக்குள் 102 ஒளிந்திருக்கிறது.

இதற்குப் பக்கத்தில் மற்ற கடன்களை வையுங்கள். பட்டாவும் அடங்கலும் இருக்கிற விவசாயிக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கிடைக்கும். தமிழ்நாட்டில் அதை உரிய காலத்துக்குள் கட்டிவிட்டால் வட்டியே கிடையாது. நகை இருந்தால் வங்கியில் வருஷத்துக்கு ஒன்பது பத்து சதவீதம். அதே நகையை ஞாயிற்றுக்கிழமை அவசரத்துக்கு அடகுக் கடையில் வைத்தால் ரெண்டு வட்டி, மூணு வட்டி. நம் ஊரில் இது மாதக் கணக்கு, அதாவது வருஷத்துக்கு 24, 36. குழுக்கடன் கொடுக்கிற நுண்நிதி நிறுவனம் 24 சதவீத வாக்கில். நகையும் இல்லை, பட்டாவும் இல்லை, குழுவிலும் இடமில்லை என்றால் தண்டல், 102. அதுவும் கிடைக்காதவருக்குப் பத்து வட்டி, 120.

நிலம் இருப்பவருக்கு 0, ஒன்றுமே இல்லாதவருக்கு 120. ஒரே ஊர், ஒரே தெரு.

எனக்கு என்ன வட்டி தெரியுமா? கடன் அட்டையில் பருப்பு வாங்கினால் நாற்பத்தைந்து நாள் வரை வட்டி இல்லை, போதாததற்குக் கொஞ்சம் பணத்தைத் திருப்பியும் தருகிறார்கள். எனக்குக் கடன் கொடுத்துவிட்டு எனக்கே கமிஷன்! அந்தக் கடன் எனக்குத் தேவையே இல்லை என்பதுதான் அதற்கு நான் தகுதி பெற்றதற்குக் காரணம்.

"ரிஸ்க் அதிகம், அதனால வட்டி அதிகம்" என்பது பாடப்புத்தகப் பதில். பாதி சரி. பலசரக்குக் கடைக்காரரிடம் பேசினால் அவர் நோட்டில் வராக்கடன் எத்தனை பக்கம் என்று காட்டுவார். மழை பிடித்து மூன்று வாரம் வேலை இல்லாத காலத்தில் மொத்தத் தெருவுக்கும் சோறு போட்டது அந்த நோட்டுதான். அவரை வில்லனாக எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால் ரிஸ்க் மட்டும் இந்த வித்தியாசத்தை விளக்காது. வாரா வாரம் ஆயிரம் ரூபாயைத் தப்பாமல் கட்டி, பதினோராவது வாரம் மறுபடியும் வாங்கி, வருஷக்கணக்காக இப்படியே போகிறவர் இருக்கிறார். ஒரு தவணை தவறாத மனுஷர். வங்கியின் கண்ணில் அவர் யார் என்றே பதிவு இல்லை.

தமிழ்நாட்டில் 2003-லிருந்து கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. 2017 அக்டோபரில் கந்துவட்டிப் புகாரோடு திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்துக்கு வந்த ஒரு குடும்பம், ரெண்டு சின்னக் குழந்தைகளோடு, அந்த வளாகத்திலேயே தீக்குளித்தது. சட்டத்துக்கும் சனிக்கிழமைக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி இருந்தது என்பதற்கு இதற்கு மேல் நான் எதுவும் எழுத வேண்டியதில்லை.

கொடியிலேயே விற்ற மிளகு

கூடுதலாகக் கொடுப்பது ஒரு பக்கம். குறைவாக வாங்கிக்கொள்வது மறுபக்கம். இதை ஆய்வாளர்கள் அதிகம் எழுதுவதில்லை என்று எனக்கு ஒரு குறை உண்டு. தாண்டிக்குடியில் எனக்கு மிகத் தெளிவாகத் தெரிந்தது இதுதான்.

மிளகு விநோதமான பயிர். நன்றாகக் காய வைத்துவிட்டால் வருஷக்கணக்கில் கெடாது. தக்காளி மாதிரி இன்றைக்கே விற்றாக வேண்டும் என்ற கட்டாயம் செடிக்கு இல்லை, காய்க்கு இல்லை. ஆளுக்குத்தான் இருக்கிறது.

வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் மரம், அதில் மிளகுக்கொடி வைத்திருக்கும் குடும்பம் ஒன்று. அறுவடை தை, மாசியில். பணம் தேவைப்படுவது ஜூனில், பள்ளிக்கூடம் திறக்கும்போது. வியாபாரி வருகிறார், கொடியைச் சுற்றிப் பார்க்கிறார், இந்த வருஷக் காய்ப்பை அப்படியே பேசிப் பத்தாயிரம் கொடுக்கிறார். மறுபடியும் கணக்குக்காகத்தான்: முப்பது கிலோ காய்ந்த மிளகு, கிலோ 600 என்றால் 18,000. பறிப்புக்கூலி, காயவைக்கும் செலவு மூவாயிரத்தை வியாபாரி ஏற்றுக்கொள்கிறார், அதைக் கழித்தால் 15,000. பத்தாயிரத்தை எட்டு மாதம் முன்னால் வாங்கியதற்கு விலை ஐயாயிரம். வருஷக் கணக்கில் 75 சதவீதம்.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். வாடல் நோய் வந்து கொடி காய்ந்தால் நஷ்டம் வியாபாரிக்கு. விலை விழுந்தாலும் அவருக்குத்தான். அதனால் 75-ஐயும் வட்டி என்று சொல்ல முடியாது, அதில் ஒரு பகுதி காப்பீடு. ஆனால் அந்தக் குடும்பத்துக்குக் காப்பீட்டைத் தனியாகவும் கடனைத் தனியாகவும் வாங்குகிற வசதி இல்லை. ரெண்டையும் கட்டி, ஒரே ஆளிடம், அவர் சொன்ன விலைக்கு.

அந்த மிளகைச் சாக்கில் கட்டிப் பரணில் வைத்துவிட்டு, விலை ஏறும் மாதத்துக்குக் காத்திருக்கிறாரே எஸ்டேட்காரர், அவருக்கு வரும் லாபத்தில் பெரும்பகுதி விவசாயத் திறமையால் வந்தது இல்லை. காத்திருக்க முடிந்ததால் வந்தது.

காபியிலும் இதே கதைதான். பழத்தைத் தோலுரித்து, ஊறவைத்துக் கழுவிக் காயவைத்தால் பார்ச்மென்ட். அதற்கு இயந்திரம், தண்ணீர், களம் வேண்டும். அப்படியே பழத்தோடு காயப்போட்டால் செர்ரி, விலை குறைவு. பழமாகவே களத்தில் போட்டுவிட்டுக் காசை வாங்கினால் இன்னும் குறைவு, ஆனால் அன்றைக்கே காசு. ஒவ்வொரு படியும் சில வாரக் காத்திருப்பு. எந்தப் படியில் இறங்கிக்கொள்கிறார் என்பதைப் பார்த்தாலே வீட்டு நிலைமை தெரிந்துவிடும்.

நாள் வேணும்ல தம்பி

இலவசமாகக் கிடைப்பதும் இலவசமில்லை என்பதை எனக்குப் புரிய வைத்தவர் பெரியம்மா தோட்டத்துக்கு வேலைக்கு வரும் ஒரு அக்கா. பல்வலியோடு கிராம்பை வைத்துக் கடித்துக்கொண்டிருந்தவரிடம், "வத்தலக்குண்டு கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில காசே இல்லையேக்கா, போகலாம்ல?" என்றேன். "ஆஸ்பத்திரி சும்மாதான் தம்பி. போறதுக்கு நாள் வேணும்ல" என்றார்.

கீழே இறங்க ஒரு பஸ், ஏற ஒரு பஸ், நடுவில் வரிசை. ஒரு நாள் கூலி போச்சு. கூடத் துணைக்கு ஒருத்தர் வந்தால் ரெண்டு நாள் கூலி. 'நாளைக்கு வா' என்று சொல்லிவிட்டால் நாலு. ஆரம்பத்தில் அடைத்துவிடக்கூடிய சொத்தைப் பல், பிடுங்க வேண்டிய நிலைமைக்கு வருகிற வரை கிராம்பில் ஓடுகிறது. நான் சென்னையில் பல் டாக்டரிடம் போவது சாயங்காலம் ஆறரைக்கு, வேலை முடிந்த பிறகு. சம்பளத்தில் ஒரு பைசா குறையாது.

2021 மே மாதம் தமிழ்நாட்டில் பெண்களுக்கு இலவசப் பேருந்துப் பயணம் வந்தது. எனக்கு ரொம்பப் பிடித்த திட்டம், காரணம் அது பணத்தைவிட நாளைக் கொடுக்கிறது. வேலை தேடிப் போகிற தூரத்தை நீட்டுகிறது. ஆனால் அது சாதாரண நகரப் பேருந்துகளுக்கு மட்டும். மலைக்கு ஏது நகரப் பேருந்து? பயணத்துக்கு எல்லாரையும்விட அதிகம் செலவழிக்கிற மலைக்காரப் பெண்கள், ஒரு பேருந்தின் வகைப்பெயர் காரணமாக வெளியே நின்றார்கள். நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை போன்ற மலைப்பகுதிகளுக்கும் நீட்டிக்கப்படும் என்ற அறிவிப்பு 2024 பிப்ரவரி பட்ஜெட்டில்தான் வந்தது. யாரும் வேண்டுமென்று செய்திருக்க மாட்டார்கள். சமவெளியில் உட்கார்ந்து விதி எழுதினால் இப்படித்தான் ஆகும். மென்பொருளில் நாங்கள் தினமும் பார்ப்பதுதான். சோதித்துப் பார்க்காத ஓரத்தில்தான் உடையும்.

சேமிக்கவும் காசு

"சேமிச்சு வச்சுக்கலாம்ல?" இது நல்ல எண்ணத்தில் கேட்கப்படுகிற கேள்வி. சேமிக்கவும் அவர்கள் காசு கொடுக்கிறார்கள் என்பதுதான் பதில்.

ஸ்டூவர்ட் ரூதர்ஃபோர்ட் என்பவர் ஏழைகளின் பணப்புழக்கத்தைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். விஜயவாடாவின் குடிசைப் பகுதியில் வீடு வீடாகப் போய்ச் சேமிப்பு வாங்கும் ஒரு பெண்ணைப் பற்றி அவர் விவரிப்பது: ஒரு அட்டையில் 220 கட்டம். ஒரு கட்டத்துக்கு 5 ரூபாய். எல்லாம் நிரம்பினால் 1,100 ரூபாய். திரும்பக் கிடைப்பது 1,000. போட்ட பணத்துக்கு வட்டி கிடைக்கவில்லை, எதிர் வட்டி. வருஷத்துக்குக் கிட்டத்தட்ட மைனஸ் 30 சதவீதம். ஆனாலும் பெண்கள் சந்தோஷமாகக் கட்டினார்கள். வீட்டில் வைத்தால் கணவர் கைக்கோ விருந்தாளி கைக்கோ போய்விடும். வாசலுக்கே வந்து தினமும் வாங்கிக்கொள்ள வேறு யாரும் இல்லை.

வங்கி வாசலுக்கு வந்த பிறகு? குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அபராதம். 2017 ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை பாரத ஸ்டேட் வங்கி இப்படி வசூலித்தது 1,771 கோடி ரூபாய். அந்த ஆண்டின் ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டில் வங்கியின் நிகர லாபமே 1,581 கோடிதான். 2020 மார்ச்சில் அந்த வங்கி இந்த அபராதத்தை எடுத்துவிட்டது. ஆனால் 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத்தொகை முதல் ஆயிரம் ரூபாய் கணக்கில் விழுந்தபோது, பழைய குறைந்தபட்ச இருப்புக் கட்டணம் என்று சொல்லிச் சில வங்கிகள் அதிலிருந்தே பிடித்துக்கொண்டன. மாநில நிதியமைச்சர் அறிக்கை விட வேண்டியிருந்தது. கணக்கில் பணம் இல்லாததற்காக, பணம் இல்லாதவரிடமிருந்து பணம் எடுப்பது. புரோகிராமில் இப்படி ஒரு வரி எழுதினால் மறுபரிசீலனையில் தூக்கிப் போட்டுவிடுவோம்.

கரும்பும் கோயம்பேடும்

இனி, 'அவங்களுக்குத் திட்டமிடத் தெரியலை' என்ற வாதம். இதைச் சோதிக்கத் தமிழ்நாட்டிலேயே ஒரு ஆய்வு நடந்திருக்கிறது. 2013-ல் சயின்ஸ் இதழில் வெளியானது, ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் மற்றும் இருவர் எழுதியது. விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கரும்பு விவசாயிகள் 464 பேர். கரும்புக்கும் காபி மாதிரி வருஷத்துக்கு ஒரு முறைதான் பணம். அறுவடைக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை, அதே ஆட்களுக்கு அதே வகைப் புதிர்கள். பணம் வந்த பிறகு தெளிவாக அதிக மதிப்பெண். அறுவடைக்கு முன்னால் ஏதாவது ஒன்றை அடகு வைத்திருந்தவர்கள் 78 சதவீதம், பின்னால் 4 சதவீதம். அதே மனுஷர், நாலைந்து மாத இடைவெளி. முட்டாளாக இருந்து புத்திசாலியாக மாறவில்லை, தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த வட்டிக்கணக்கு நின்றுவிட்டது.

இந்த ஆய்வின் புள்ளியியல் மீது விமர்சனங்கள் வந்தன. இந்தத் துறையின் வேறு சில சோதனைகளைத் திரும்பச் செய்தபோது முடிவுகள் ஒத்துவரவும் இல்லை. அதனால் 'வறுமை மூளையை இவ்வளவு குறைக்கும்' என்று எண் சொல்லிப் பேசுவதை நான் தவிர்ப்பேன். அடகுக் கணக்கு மட்டும் எனக்குப் போதும்.

இன்னொரு ஆய்வு கொஞ்சம் சங்கடமானது. அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் தங்கள் 2011 புத்தகத்தில் சென்னைத் தெரு வியாபாரிகளைப் பற்றி எழுதுகிறார்கள்: காலையில் ஆயிரம் ரூபாய்ச் சரக்கைக் கடனாக எடுத்து, சாயங்காலம் சராசரியாக 4.69 சதவீதம் சேர்த்துத் திருப்பிக் கொடுக்கிறார்கள். ஒரு நாளைக்கு! இருபத்திரண்டு நாளில் வட்டி மட்டுமே அசலைத் தாண்டும். அப்படியானால் ஒரே ஒருமுறை அந்த ஆயிரத்தைக் கையில் கொடுத்துக் கடனை அடைத்துவிட்டால் கதை முடிந்ததா? டீன் கார்லன், முல்லைநாதன், பெஞ்சமின் ரோத் மூவரும் கோயம்பேடு வியாபாரிகளிடமும் பிலிப்பைன்ஸிலும் அப்படியே செய்து பார்த்தார்கள். பெரும்பாலோர் சீக்கிரமே மறுபடியும் கடனுக்குத் திரும்பிவிட்டார்கள்.

இதைப் படித்துவிட்டு 'பாத்தியா, கொடுத்தாலும் நிக்காது' என்பவர்கள் உண்டு. நான் படிக்கிறது வேறு மாதிரி. ஒருமுறை கொடுத்த பணம் ஒரு காய்ச்சல் வரைக்கும்தான் தாங்கும். அடுத்த காய்ச்சலுக்கு, அடுத்த ஜூன் மாதத்துக்கு, அடுத்த மழைக்கு அவர்களிடம் மறுபடி ஒன்றும் இருக்காது. குழியை மூடிவிட்டு, குழி விழுகிற காரணத்தை விட்டுவைத்த மாதிரி. இதற்கு நேர்மாறாக ரேஷன் அரிசியைப் பாருங்கள். 2011 ஜூனிலிருந்து இலவசம், மாதாமாதம் வருகிறது. தமிழ்நாட்டில் அரிசிக்காகத் தண்டல் வாங்கியதாக இந்தப் பத்து வருஷத்தில் தாண்டிக்குடியில் ஒருத்தர்கூட என்னிடம் சொன்னதில்லை. கல்யாணம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், வீட்டுக்கூரை என்றுதான் சொல்கிறார்கள். மாதாமாதம் வருவதற்கு அவர்கள் வட்டி கட்டுவதில்லை, எப்போதாவது வந்து விழுவதற்குத்தான்.

மிளகுக்கும் ஒரு வழி காகிதத்தில் இருக்கிறது. ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் விளைபொருளை இருப்பு வைத்து, அதன் மதிப்பில் ஒரு பகுதியைக் குறைந்த வட்டிக்குப் பொருளீட்டுக் கடனாக வாங்கலாம்; விலை ஏறும்போது விற்றுக் கடனைக் கழித்துக்கொள்ளலாம். காத்திருக்க முடியாதவருக்குக் காத்திருப்பை வாங்கித்தருகிற ஏற்பாடு, யோசனை அருமை. போன தடவை போயிருந்தபோது, வீட்டு மரத்தில் இருபது கிலோ மிளகு எடுத்த ஒருவரிடம் இதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். மூட்டையோடு பஸ்ஸில் கீழே போய், சிட்டா நகல் எடுத்து, ஈரப்பதம் பார்த்து, கையெழுத்துப் போட்டுவிட்டு வர எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார். ரெண்டு நாளாவது ஆகும் என்றேன். பறிப்புக் காலத்தில் ரெண்டு நாள் கூலியையும் பஸ் காசையும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். நூறு கிலோ இருந்தால் கட்டுப்படியாகும், இருபதுக்கு ஆகாது என்றார்.